‘டிப்பர்’ சுவிட்சும் ரிலேயும்: இந்திய முகப்பு விளக்கின் ஒரு சிறு வரலாறு

இந்திய லாரிகளின் பின்புறத்தில் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டு வரும் வாசகங்களுள் ‘ஹார்ன் ஓகே ப்ளீஸ்’ ஒன்றே ஆய்வாளர், விளம்பரக்காரர், திரைப்படத்தார் என எல்லாருடைய கவனத்தையும் பெற்றுவிட்டது. அதே பலகையில் சற்றுக் கீழே இருக்கும் ‘யூஸ் டிப்பர் அட் நைட்’ என்ற வாசகத்துக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. (2016இல் லாரி ஓட்டுநர்களுக்கான ஆணுறை ஒன்றுக்கு ‘டிப்பர்’ என்று பெயரிட்டது ஒன்றே அதற்குக் கிடைத்த பெரிய விளம்பரம்.) ஆனால் மொழியின் கண்ணோடு பார்ப்பவருக்கு இந்த இரண்டாம் வாசகமே கனமானது. பின்னால் வருபவர் முந்த விரும்பினால் பகலில் ஒலியால் கேட்க வேண்டும், இரவில் ஒளியால் கேட்க வேண்டும் என்று அது விதிக்கிறது. முகப்பு விளக்கு வழியைக் காண்பதற்கு மட்டும் உரிய கருவியன்று, பேசுவதற்கும் உரிய கருவி என்பதை அவ்வாசகம் ஒப்புக்கொள்கிறது.

அந்தப் பேச்சுக்கு இலக்கணமும் உண்டு. பின்னாலிருந்து இருமுறை மின்னினால் ‘முந்துகிறேன்’. எதிரே வருபவர் குறுகிய பாலத்தின் முன்பு மின்னினால் ‘நான் வந்துவிட்டேன், நீ நில்’. தொடர்ந்து மின்னினால் ‘உன் விளக்கைத் தாழ்த்து’. எதிர்த்திசையில் வருபவர் காரணமின்றி மின்னினால் ‘முன்னால் சோதனை நடக்கிறது’. பாலத்தின் முன் மின்னும் அதே குறி பிரிட்டனின் சாலைகளில் வழக்கமாக ‘நீ முதலில் போ’ என்று பொருள்படும். ஒரே குறிக்கு இரு நாடுகளில் நேர்மாறான பொருள். அங்கே ஓட்டிப் பழகியவர் இங்கே வந்து முதல்நாள் இரவில் ஓட்டும்போது அந்தப் பொருள் மாற்றத்துக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

இந்தப் பேச்சு ஒவ்வொன்றும் ஒரு சிறிய சுவிட்சின் வழியாகவே நடைபெறுகிறது. முகப்பு விளக்குக்கு ரிலே இணைக்கும் வழக்கத்தை இந்தியாவில் புரிந்துகொள்ள இதுவே தொடக்கப்புள்ளி. பொறியியல் நூல்கள் அதை மின்னழுத்த இழப்பின் கணக்காக மட்டும் சொல்லும். கணக்கு சரியானதே, ஆனால் சுவிட்ச் ஏன் இவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பதற்கு அது பாதி விடையையே தருகிறது.

முதலில் அந்தப் பாதியைப் பார்க்கலாம். 12 வோல்ட் வண்டியில் 55 வாட் தாழ்கற்றை இழை ஒன்றுக்கு ஏறத்தாழ 4.6 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. இரு விளக்குகளுக்கும் சேர்த்து 9 ஆம்பியருக்கு மேல். ரிலே இல்லாத வண்டியில் இது முழுவதும் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு வரை வந்து, சுவிட்சின் செப்புத் தொடுமுனைகளைக் கடந்து, மீண்டும் வண்டியின் முகப்புவரை செல்ல வேண்டும். தொடுமுனை கருகி அதன் மின்தடை 0.1 ஓம் ஆகிவிட்டால் அங்கேயே கிட்டத்தட்ட ஒரு வோல்ட் இழப்பாகும். 8 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். சாலிடரிங் செய்யும் 25 வாட் சூட்டுக்கோலில் மூன்றிலொரு பங்கை ஸ்டியரிங்கின் கீழே வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு இது சமம். இவை தவிர, குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை எரியும் இழையினதில் பத்திலொரு பங்கோ அதற்கும் குறைவோ ஆகும். ஆகவே விளக்கு எரியத் தொடங்கும் கணத்தில் பாயும் மின்னோட்டம் பன்மடங்காகும். தேய்மானம் பெரிதும் நிகழ்வது சுவிட்சைப் போட்டு வைத்திருக்கும் நேரத்தில் அன்று. போடும் கணத்திலும் எடுக்கும் கணத்திலும்தான்.

மற்றப் பாதி இங்கிருந்து தொடங்குகிறது. மாலையில் ஒருமுறை போட்டு இரவு முடிவில் ஒருமுறை அணைப்பவரின் சுவிட்ச் அந்தக் கணங்களை அரிதாகவே சந்திக்கிறது. இருவழிச் சாலையில் ஒவ்வோர் எதிர் வண்டிக்கும் தாழ்த்தி உயர்த்தி, ஒவ்வொரு முந்தலுக்கும் இருமுறை மின்னி ஓட்டுபவரின் சுவிட்ச் ஒரே இரவில் அவற்றை நூற்றுக்கணக்கில் சந்திக்கிறது. பேச்சே சுவிட்சை எரிக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. (பெரிய லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் மின்னமைப்பு இருப்பதால் மின்னோட்டம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பேச்சை விதித்த லாரியைவிட, அதற்கு விடை சொல்லும் காரும் ஜீப்பும் வேனுமே கூடுதலாகத் துன்பப்பட்டன.)

‘டிப்’ என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1920களிலும் 30களிலும் பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் விளக்கே, அல்லது அதன் பிரதிபலிப்பான், மெய்யாகவே கீழ்நோக்கிச் சாய்ந்தது; சிலவற்றில் நெம்புகோலால், சிலவற்றில் மின்காந்தத்தால். ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகளை வைக்கும் முறை 1920களின் நடுவில் வந்தபின் சாய்வதற்கு எதுவும் இல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் எஞ்சியது. அமெரிக்காவில் அதே செயலுக்கு ‘டிம்’ என்று பெயர். தமிழ்நாட்டு ஓட்டுநர் வழக்கில் இரண்டும் வந்து சேர்ந்து ‘டிம் டிப்’ என்று இரட்டைச் சொல்லாகவே நிலைத்துவிட்டன. வினை மட்டும் முழுக்கத் தமிழாயிற்று: டிப் அடித்தல், லைட் அடித்தல், ஹார்ன் அடித்தல். அந்த வரிசையின் தலைப்பில் நிற்கும் மூத்த சொல்லாட்சி ‘தந்தி அடித்தல்’. தொலைவுக்குச் செய்தி அனுப்பும் செயல்களையெல்லாம் தமிழ் ‘அடி’ என்ற ஒரே வினையில் கட்டியிருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் ரிலேயின் கதை அந்தத் தந்தியிலிருந்துதான் தொடங்குகிறது.

தொலைதந்தி எதிர்கொண்ட சிக்கல் எளிதில் விளங்கக்கூடியது. கம்பி நீள நீள மின்னோட்டம் நலிகிறது. மறுமுனையில் இருக்கும் கனமான எழுதுகருவியை இயக்கும் வலிமை அதற்கு இல்லை. 1830களின் நடுவில் பிரின்ஸ்டனில் ஜோசப் ஹென்றி இதற்கு ஒரு வழி கண்டார். நலிந்த மின்னோட்டம் ஒரு சிறு மின்காந்தத்தை மட்டும் அசைக்கட்டும்; அந்த அசைவு, அருகிலேயே இருக்கும் வேறொரு வலிய மின்சுற்றை மூடட்டும். 1838இல் பிரிட்டனில் எட்வர்டு டேவி இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். சாமுவேல் மோர்ஸின் 1840ஆம் ஆண்டுக் காப்புரிமையிலும் இந்த அமைப்பு இடம்பெற்றது. முதலில் வருவது கட்டளை, பின்னர் வருவது ஆற்றல். இரண்டும் ஒரே கம்பியில் போக வேண்டியதில்லை. இன்று காரின் முன்புறத்தில் பொருத்தப்படும் விரல்கடை அளவுள்ள கறுப்புப் பெட்டிக்குள் இருப்பது இந்தக் கருத்தே. இதற்குமேல் எதுவும் இல்லை.

‘ரிலே’ என்ற சொல் கருவியைவிட மிகப் பழையது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அது வேட்டைக்களச் சொல்லாக இருந்தது. மானைத் துரத்தும் நாய்கள் களைத்துப்போகும் என்று, வழியில் ஆங்காங்கே நிறுத்திவைக்கப்பட்ட புதிய நாய்க்கூட்டத்தை அது குறித்தது. பின்னர் அஞ்சல் வழிகளில் மாற்றி விடப்படும் குதிரைகளுக்கு ஆகி, அதன்பின் மின்கருவிக்கு ஆயிற்று. தமிழில் இதற்கு இணையான சொல்லைத் தேடுபவர் பெரும்பாலும் புதிதாகப் படைக்க முற்படுகின்றனர். ஏற்கெனவே இருக்கும் ‘அஞ்சல்’ அவர்கள் கண்ணில் படுவதில்லை. திருவிதாங்கூரில் மணி கட்டிய கோலுடன் ஓடிக் கடிதப் பையைக் கைமாற்றிய ஓட்டக்காரர்களின் அமைப்புக்கு அஞ்சல் என்றே பெயர். 1951இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. தமிழ்நாட்டில் தொடரோட்டம் எனப்படும் விளையாட்டை இலங்கைத் தமிழர் இன்றும் அஞ்சலோட்டம் என்றே வழங்குகின்றனர். களைத்தவரிடமிருந்து வாங்கிப் புதியவர் ஓடுவது என்ற பொருள் அச்சொல்லில் உயிரோடு இருக்கிறது. பட்டறையில் இருப்பவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவர் ‘ரிலே’ என்றே சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்.

இந்தியாவில் வில்லியம் ப்ரூக் ஓஷானெசி 1839இல் கல்கத்தா அருகே தந்திச் சோதனை நடத்தினார். 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே கம்பி இயங்கியது; 1854 மார்ச்சில் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்குச் செய்தி சென்றது. தொடக்க காலத்தில் நெடுந்தொலைவுச் செய்திகளை இடைநிலையத்தில் ஒருவர் படித்து, மீண்டும் அடுத்த கம்பியில் அடித்து அனுப்பினார். எழுத்தரே ரிலேயாக இருந்தார் என்று பொருள். அவர் செய்ததைப் பிற்காலத்தில் ஒரு சுருளும் ஓர் இரும்புத் துண்டும் செய்தன.

காருக்கு வருவோம். 1898இல் கொலம்பியா மின்காரில் மின்முகப்பு விளக்குத் தோன்றினாலும், கார்பைடு வாயு விளக்கின் காலம் முடிவுக்கு வந்தது 1912இல் கேடிலாக் மின்தொடக்கியையும் மின்விளக்கையும் ஒரே அமைப்பாகத் தந்த பின்னரே. இந்தியாவின் பழைய ஜீப்புகளில் டிப் சுவிட்ச் தரையில், இடக்காலின் அருகே இருந்தது. காலால் அழுத்தப்படுவது என்பதால் அதைத் தடிமனாகவே செய்ய வேண்டியிருந்தது. சேறும் நீரும் புகுந்து கெட்டாலும் பளுவைத் தாங்கியது. சுவிட்ச் பின்னர் ஸ்டியரிங் தண்டுக்கு ஏறியது. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தபின், விளக்கையும் டிப்பையும் திருப்புக்குறியையும் விரல் நுனியால் இயக்கும் ‘காம்பினேஷன் சுவிட்ச்’ இந்திய ஓட்டுநருக்குப் பழகிப்போனது. விரலுக்கு எளிதாக வேண்டுமென்றால் வில்லும் தொடுமுனையும் சிறுக்க வேண்டும். பேசுவது எளிதாயிற்று; பேசும் நா மெலிந்தது.

அதே காலத்தில் விளக்கின் பசியோ கூடிற்று. பழைய இரட்டை இழைக் குமிழ் 45/40 வாட். 1971இல் ஐரோப்பாவில் அறிமுகமான எச்4 ஹாலோஜன் 60/55 வாட். பழைய வட்ட விளக்கைக் கழற்றிவிட்டு ஹாலோஜன் விளக்கைப் பொருத்திய உரிமையாளர், தாழ்கற்றையின் மின்னோட்டத்தை 6.7 ஆம்பியரிலிருந்து 9.2 ஆம்பியராக உயர்த்தினார். அது கடந்துசெல்ல வேண்டிய சுவிட்சை அப்படியே விட்டுவைத்தார். அக்காலத்துக் கார்கள் பலவற்றில் முகப்பு விளக்குக்கு ரிலே வைக்கப்படவில்லை. இரட்டை ஹார்ன் மாட்டியவர்கள் மட்டும் ஹார்னுக்கு ரிலே சேர்ப்பதை வழக்கமாக வைத்திருந்தனர். ஒளிக்கு முன்பே ஒலிக்கு ரிலே வந்த நாடு இது என்பது வேடிக்கைக்காக மட்டும் சொல்லப்படுவதன்று.

தாழ்கற்றைக்கு உரிய தொடுமுனை ஒரு கணத்தில் முழுதாகக் கருகிப்போனால் நிகழ்வது இதுதான்: எதிரே வரும் பேருந்துக்கு மரியாதையாக ஓட்டுநர் டிப் அடிக்கிறார், இரு விளக்குகளும் அணைந்துவிடுகின்றன. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர். என்ன நேர்ந்தது என்று உணர்ந்து மீண்டும் உயர்கற்றைக்குத் தள்ளுவதற்குள் 40 மீட்டர் இருளில் கடந்திருக்கும். அதன்பின் அவருக்கு எஞ்சும் வழி, ஊர் சேரும்வரை எல்லார் கண்ணையும் கூசச் செய்துகொண்டே ஓட்டுவது. எதிரே வருபவர்கள் அதைத் திமிர் என்று படித்திருப்பார்கள். பதிலுக்குத் தாமும் உயர்கற்றையைப் போட்டிருப்பார்கள். இந்தியச் சாலைகளின் உயர்கற்றைப் பழக்கத்தை ஓட்டுநர்களின் பண்பாட்டுக் குறையாக மட்டும் விளக்கும் கட்டுரைகள் ஏராளம். அவற்றுள் ஒன்றிலேனும் கருகிய தொடுமுனைக்கு ஒரு வரி இடம் கொடுத்திருக்கலாம்.

சாலையோர ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இதற்குக் கண்ட தீர்வு ஹென்றியின் தீர்வே. பேட்டரியின் நேர்முனையிலிருந்து, அதன் அருகிலேயே ஒரு ஃபியூஸ் வைத்து, தடித்த கம்பியொன்றை ரிலேயின் 30ஆம் முனைக்குக் கொண்டுவருவர். 87ஆம் முனையிலிருந்து விளக்குகளுக்குக் கம்பி செல்லும். முன்பு விளக்கை எரித்த பழைய கம்பி இப்போது 86ஆம் முனையில் சேர்ந்து சுருளை மட்டும் தூண்டும்; 85 வண்டியின் உடலில் எர்த் ஆகும். தாழ்கற்றைக்கு ஒரு ரிலே, உயர்கற்றைக்கு ஒரு ரிலே. சுவிட்ச் சுமக்க வேண்டியது இனி 9 ஆம்பியர் அன்று, 0.15 அல்லது 0.2 ஆம்பியர். கவனமானவர்கள் இடவிளக்குக்கும் வலவிளக்குக்கும் தனித்தனி ஃபியூஸ் வைப்பர். ஒரே ஃபியூஸ் என்றால் ஒரு கம்பியின் பழுது இரு கண்களையும் ஒருசேரக் குருடாக்கிவிடும்.

30, 85, 86, 87 என்ற எண்கள் டின் 72552 என்ற ஜெர்மானியத் தரநிலையைச் சேர்ந்தவை. 15 சாவி திறந்தபின் கிடைக்கும் மின்சாரம், 31 எர்த், 56அ உயர்கற்றை, 56ஆ தாழ்கற்றை. (மூலத்தில் உரோமன் எழுத்துகள்.) இவற்றுக்கிடையே தொகைவரிசை எதுவும் இல்லை, ஏன் 30, ஏன் 31 என்று கேட்டால் எண்ணுக்குள் விடை இல்லை. நன்னூலார் மொழியில் சொன்னால் இவை இடுகுறிப் பெயர்கள். காரணப் பெயராக இருந்திருந்தால் ஜெர்மன் தெரிந்தவருக்கே அவை விளங்கியிருக்கும். இடுகுறியாக இருந்ததால்தான் ஜெர்மனில் ஒரு சொல்லும் அறியாத மதுரைப் பட்டறைக்காரரும் லூதியானா பட்டறைக்காரரும் அவற்றை ஒரே பொருளில் ஆள முடிகிறது. ‘எண்பத்தஞ்சை எர்த்துல குடு’ என்ற தொடரில் ஜெர்மானிய எண், ஆங்கிலப் பெயர், தமிழ் வேற்றுமையுருபு, தமிழ் வினை எல்லாம் தம்தம் இடத்தில் இருக்கின்றன. தொழிற்கல்வி நூல்கள் இத்தகைய தொடர்களைப் பதிவு செய்வதில்லை. வாய்மொழியாக வந்தது வாய்மொழியாகவே போய்க்கொண்டிருக்கிறது.

எல்லா வண்டிக்கும் ஒரே இணைப்பு பொருந்துவதில்லை. சில ஜப்பானிய வடிவமைப்புகளில் விளக்குக்கு நேர்மின்சாரம் எப்போதும் இருக்கும். சுவிட்ச் துண்டிப்பது எர்த்தை. அங்கே வழக்கமான இணைப்பு எடுபடாது. சுருளுக்குக் குறுக்கே டயோடு உள்ள ரிலேக்களில் 85ஐயும் 86ஐயும் மாற்றிக் கொடுத்தால் டயோடே எரிந்துவிடும். இருசக்கர வண்டிகளின் நிலை இன்னும் வேறு. இந்தியாவின் சாதாரண மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் முகப்பு விளக்கு மேக்னட்டோவிலிருந்து நேரே வரும் மாறுமின்சாரத்தில் எரிந்தது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விளக்கு மங்கியது இதனால்தான். அந்தக் கம்பியை அப்படியே ரிலேச் சுருளில் கொடுத்தால் அது கடகடவென்று துடிக்குமே தவிரப் பிடிக்காது. அவ்விளக்கை முதலில் நேர்மின்சாரத்துக்கு மாற்றியாக வேண்டும்.

சுவிட்சைக் காக்க வந்த ரிலே ஒரு துணைப்பயனையும் தந்தது. காலப்போக்கில் துணைப்பயனே முதன்மைப் பயனாயிற்று. இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கில் மாறுகிறது. 12 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 11 கிடைத்தால் ஒளியில் கால்பங்கு போய்விடும், 10.5 என்றால் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடும். நீண்ட மெல்லிய கம்பியைத் தவிர்த்ததால் அந்த இழப்பு மீண்டது. குமிழ் சற்று விரைவில் உயிர்விடும் என்பது அதற்கான விலை. ஆனால் ‘ரிலே போட்டால் வெளிச்சம் கூடும்’ என்ற பேச்சு பரவியதும், ரிலேயோடு 100/90 வாட் குமிழும் ஒரே பொட்டலமாக விற்கத் தொடங்கியது. உயர்கற்றையில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் அந்தக் குமிழைப் பழைய சுவிட்ச் தாங்கியிருக்காது. தாங்காமையே அதுவரை ஒரு தடையாக இருந்தது. ரிலே அந்தத் தடையை நீக்கிவிட்டது. எதிரே வருபவரோடு பேசுவதற்காக வந்த கருவி, எதிரே வருபவரைக் குருடாக்குவோருக்கும் பயன்பட்டது. முகப்பு விளக்கின் மேற்பாதியில் கறுப்புச் சாயம் பூசிக் கூச்சத்தைக் குறைக்க முயன்ற ஒரு தலைமுறைக்குப் பிறகு, அடுத்த தலைமுறை இதைச் செய்தது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ரிலேயின் பெயர் எந்தப் பதிவுச் சான்றிதழிலும் இல்லை. உத்தரவாதக் காலத்தில் கம்பியை வெட்டினால் தயாரிப்பாளர் பொறுப்பேற்க மறுக்கலாம் என்ற அச்சத்தால், வெட்டாமல் செருகக்கூடிய ஆயத்தக் கம்பித் தொகுப்புகள் சந்தைக்கு வந்தன. பட்டறைக்காரரின் கைவேலையாக இருந்தது கடைச் சரக்காயிற்று. ‘எண்பத்தஞ்சை எர்த்துல குடு’ என்று சொல்ல வேண்டிய தேவையும் அத்துடன் குறைந்தது.

இன்றைய கார்களில் விளக்குக்குப் போகும் கட்டளையைப் பெரும்பாலும் ஒரு கணினிப் பெட்டி பெற்று, அசையும் உறுப்பு இல்லாத குறைகடத்தியால் நிறைவேற்றுகிறது. எல்இடி விளக்குக்கோ முன்போல் 9 ஆம்பியர் தேவையில்லை. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. பழைய காரில் டிப் அடிக்கும்போது முன்புறக் கிராதிக்குப் பின்னாலிருந்து எழும் ‘டக்’ என்ற ஒலி மட்டும் இன்னும் சில வண்டிகளில் கேட்கிறது.

இருசக்கர வண்டிகளில் சுவிட்சே போய்விட்டது. 2017 ஏப்ரல் முதல், புதிய இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு எஞ்சின் ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அணைக்கும் பொத்தான் கைப்பிடியிலிருந்து நீங்கியது. அதற்கு முன்பு, பகலில் விளக்கெரியச் செல்பவரைப் பார்த்து எதிரே வருபவர் ஐந்து விரல்களையும் குவித்து விரித்துக் காட்டுவது இந்தியா முழுவதும் இருந்த வழக்கம். ‘லைட் எரியுது, அணை’ என்று அதற்குப் பொருள். விதி வந்து நெடுநாள் வரை அந்தக் கை அசைந்துகொண்டே இருந்தது. எதிரே சென்றவரோ, அணைக்க ஏதும் இல்லாத கைப்பிடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.